வெட்டினதும் நான்தான்

போன கிழமை எங்கள் கடை முதலாளி என் மேசையில் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். தாள் முழுக்கக் கட்டம். எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, இருநூற்று நாற்பத்தேழு. ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் பொடி எழுத்தில் அ, ஆ, இ, ஈ என்று அச்சடித்திருந்தது.

"ஒவ்வொண்டையும் உம்மடை கையாலை கட்டத்துக்கை எழுதித் தாரும். ஸ்கான் பண்ணிக் கொம்பியூட்டருக்கை ஏத்திவிடுவம். ஒருக்கால் எழுதினால் காணும், பிறகு நீர் ஆயுசுக்கும் எழுதத் தேவையில்லை" என்றார்.

நல்ல மனிதர். உதவி செய்கிற முகத்தோடுதான் சொன்னார். யாழ்ப்பாண நகரத்துக்குள் கலியாணக் கார்ட் அடிக்கிற கடை எங்களுடையது. நான் அங்கே வடிவமைப்புப் பார்க்கிறேன். இந்த வருடம் வருகிற சோடிகள் எல்லாருமே ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: கையாலை எழுதின மாதிரி இருக்கோணும். கவனியுங்கள், கையால் எழுதித் தாருங்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எழுதின மாதிரி. அந்த 'மாதிரி'க்குத்தான் என் கை தேவைப்பட்டது.

மறைப்பானேன், எனக்குப் புளுகம்தான், உள்ளுக்குள் ஒரே சந்தோசம். பள்ளிக்கூடத்தில் உறுப்பெழுத்துப் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து முதலாமிடம் எடுத்த கை இது. கதிரையை இழுத்துப்போட்டு, முதுகை நிமிர்த்தி, உருண்டை உருண்டையாக அடுக்கிக்கொண்டு போனேன். யகரம் முடிந்தது, ரகரம், லகரம், வகரம். ழகரத்துக்கு வந்ததும் முதலாளி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"வால் கவனம். கோட்டைத் தாண்டினால் மெசின் வெட்டிப் போடும்."

பேனையை மூடி வைத்தேன்.

"என்ன?"

"மாட்டன்."

"ஏன் மாட்டீர்?"

"எங்கடை அக்கான்ரை ழானா உதுக்கை அடங்காது."

"நான் உம்மடை அக்காவையே கேட்டனான்?"

நியாயமான கேள்விதான். பதில் நீளம், அவருக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்குமென்று நம்பி எழுதுகிறேன்.

எங்கள் வீடு சாவகச்சேரிச் சந்தையிலிருந்து உள்ளுக்கு இரண்டு கட்டை தூரம். நான் சொல்லப்போவது ஏதோ பழங்காலத்துக் கதையில்லை. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, பஸ்கள் ஓடி, வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி வந்துவிட்ட காலம். ஆனாலும் கடிதம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு ஒழுங்கைக்கும் எழுத்து வடிவான பிள்ளை ஒன்று இருக்கும். ஒழுங்கையிலுள்ள மற்ற வீடுகளுக்கும் அந்தப் பிள்ளைதான் எழுதிக் கொடுக்கவேண்டும். மற்றவர்களுக்கு எழுதத் தெரியாதென்றில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டுக்குப் போகிற கடிதம் வடிவாகப் போகவேண்டும். வெளிக்கிட்டுப் போகும்போது நல்ல சீலை கட்டுகிற மாதிரி, கடிதத்துக்கும் நல்ல எழுத்தை உடுத்தி அனுப்பினார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் ஒழுங்கையின் சீலை நான்.

சீலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் நகையும் போட்டுவிட்டேன்.

முன்வீட்டுக் கிளி மாமிக்குச் சுவிசில் ஒரு மகன். மாமி கையில் பனங்களியைக் காயவைத்த பினாட்டுத் துண்டோடு வந்து குந்துவா. அந்தப் பினாட்டின் மணம் இன்றைக்கும் எனக்குக் கடித மணம்தான். எந்தக் கடிதத்தை எடுத்தாலும் ஓரத்தில் ஒரு பிசுக்கு இருக்கும். "மகனுக்கு எழுது பிள்ளை, சிவப்புக் கோழி செத்துப்போச்சு எண்டு" என்பா மாமி. செத்துப்போச்சு என்று எழுத என் கைக்கு வராது. முதலாமிடம் எடுத்த கை அல்லவா? 'நம் இல்லத்தில் செல்லமாக வளர்ந்த செந்நிற உயிர் இறைவனடி சேர்ந்துவிட்டது' என்று எழுதினேன். கடிதம் கிடைத்த அன்று சுவிசிலிருந்து போன் வந்தது. மகன் அழுதுகொண்டு, "ஆரம்மா செத்தது? ஏன் எனக்கு உடனை சொல்லேல்லை?" என்று கேட்டிருக்கிறார். மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கோழியடா தம்பி, கோழி! நீ வந்து என்ன செய்யப்போறாய்?" என்றாவாம்.

இதைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்னட்டைக் கோழியே தப்பேல்லை" என்றாள். அடுத்தது அவள்தான் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூப்பு. சாவகச்சேரியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அவளுடைய எழுத்தைப் பற்றிச் சொல்வதென்றால், டொக்டர்மாரின் மருந்துத் துண்டுகளை அந்தக் கடையில் அவள் ஒருத்தியால்தான் மறுகேள்வி இல்லாமல் வாசிக்க முடிந்தது. "சொந்தக்காரர் மாதிரிப் பழக்கம்" என்பார் அப்பா. எழுத்துகள் வலப்பக்கம் சரிந்து, ஒன்றையொன்று முந்தி, பஸ்ஸுக்கு ஓடுகிற சனம் மாதிரி இருக்கும். ககரம் வாய் திறந்திருக்கும். ழகரம் வந்தால் அதன் வால் கீழ் வரிக்குள் போய் அங்கே நிற்கிற எழுத்தைச் சுற்றிக்கொண்டு மீளும்.

ஜேர்மனியிலிருந்த பெரியப்பாவுக்கு நாங்கள் நீல ஏரோகிராம் எழுதுவோம். உறையும் கடிதமும் ஒரே தாள். மடித்து ஒட்டினால் சரி. ஒரு தாளில் நாலு பேர் எழுதவேண்டும் என்பதால் அம்மா அதைக் காணி பிரிக்கிற மாதிரிப் பிரிப்பா. மேலே சிவமயம். அதன்கீழ் அப்பாவுக்கு ஒரு பரப்பு. அடுத்தது அக்கா. மடிப்புக்குக் கீழே அம்மா. ஒட்டுகிற ஓரம் எனக்கு. அக்கா எழுதி முடித்தால் அவளுடைய ழகரம் அம்மாவின் காணிக்குள் வேர் விட்டிருக்கும். வேலிச் சண்டைதான். கடைசியில் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டா: "நீ சொல்லு, தங்கச்சி எழுதட்டும்." அன்றிலிருந்து அக்காவின் துண்டையும் நானே எழுதினேன். அவள் சொல்லுவாள், நான் எழுதுவேன், அவள் கையெழுத்து வைப்பாள். வாசித்துப் பார்க்கமாட்டாள். தங்கச்சி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடும்.

அந்த வருடம்தான் தரகர் டென்மார்க் சம்பந்தம் ஒன்று கொண்டுவந்தார். சாதகக் குறிப்புப் பொருந்தியது. படம் போய், படம் வந்தது. மாப்பிள்ளை கண்ணாடி போட்ட, கொஞ்சம் பயந்த முகம். ஒருநாள் போன் எடுத்தார். இந்தப் பக்கம் அக்கா ஹலோ என, அந்தப் பக்கம் அவர் ஹலோ என, இரண்டு ஹலோவும் கடலுக்கு நடுவில் முட்டிக்கொண்டு நிற்க, பிறகு இரண்டு பேரும் பேசாமல் இருக்க, பிறகு இரண்டு பேரும் ஒன்றாகக் கதைக்க, ஐந்து நிமிடம் இப்படியே போனது. கடைசியில் அவர், "எனக்குப் போனிலை கதைக்க வராது, குறை நினையாதேங்கோ. எழுதுவமோ?" என்றார்.

"ஓம், எழுதுவம்" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டு, "பாவம், நல்ல மனுசன் போலை" என்றாள்.

அக்காவுக்கு இந்தச் சம்பந்தத்தில் ஒரேயொரு எண்ணம்தான் இருந்தது. அவள் அப்போது மருந்தாளர் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே போனால் அதையே பெரிதாகப் படிக்கலாம், வேலைக்கும் போகலாம் என்று யாரோ கடைக்கு வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கலியாணம் என்றதும் மற்றவர்கள் சீலை நிறம் கதைக்க, இவள் இதைத்தான் கதைத்தாள். இதை நான் அறிவேன். நன்றாகவே அறிவேன்.

பின்னேரம் சைக்கிளை மாமரத்தில் சாய்த்துவிட்டுக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே சொன்னாள்: "சுகம் எண்டு எழுது. வேலைக்குப் போய் வாறன் எண்டு எழுது. மழை எண்டு எழுது."

"அவ்வளவுதானோ?"

"பேந்தென்ன, ஆளையே தெரியாது. என்னத்தைக் கதைக்கிறது?"

அந்த மூன்று வரியிலிருந்து நான் இரண்டு பக்கம் எழுதினேன். மழை, கார்முகில்களின் கண்ணீரானது. வேலை, பிணி தீர்க்கும் பெருந்தொண்டானது. எங்கிருந்தோ ஒரு நிலவும் வந்து சேர்ந்தது. அக்கா அடியில் தன் நண்டுக் கையெழுத்தைப் போட்டாள்; என் அடுக்கு வரிசைக்குக் கீழே அது யாரோ வழியில் போனவர் வைத்த ஒப்பம் மாதிரி இருந்தது.

பதில் வந்தது. 'உங்கள் எழுத்து முத்துக் கோர்த்தது போலிருக்கிறது. எழுத்தைப் போலவே மனமும் இருக்குமென்று அம்மா சொல்கிறா' என்று எழுதியிருந்தார். அம்மா அந்த வரியைக் குசினிக்கும் கிணற்றடிக்கும் கொண்டு திரிந்தா. எனக்குத் தலைகால் புரியவில்லை. டென்மார்க்கில் இருக்கிற ஒருவருக்கு என் எழுத்துப் பிடித்திருக்கிறது! அக்காவுக்கு வந்த கடிதம் என்பது எனக்கு மறந்தே போயிற்று.

இரண்டாம் பதிலை அக்கா சோறு சாப்பிட்டுக்கொண்டே வாசித்தாள். நெற்றி சுருங்கியது.

"எனக்கு நிலவு பிடிக்குமெண்டு உவருக்கு ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் பிடிக்கும்தானே அக்கா."

"எனக்கு நித்திரை பிடிக்கும்" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நாலாவது கடிதத்தில் நான் எல்லையைத் தாண்டினேன். அந்தத் தவணை தமிழ்ப் பாடத்தில் பெண்மையின் சிறப்பு என்று ஒரு கட்டுரை. இருபதுக்குப் பதினெட்டுப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு வசனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்த வசனத்தைச் சும்மா விடுவேனா? 'மணமான பின்னர் இல்லமே எனது உலகம்; அதற்கப்பால் வேறு பணி எதனையும் வேண்டேன்.' அரைப்புள்ளியைக்கூட அளந்து வைத்தேன்.

பதில் ஒரு ஞாயிறு காலை அக்காவின் கைக்கு வந்தது. சனிக்கிழமை வந்த கடிதம்; அம்மா மறந்துபோய் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தா. அக்கா தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தாள். வாசித்து முடித்து, திரும்ப முதலிலிருந்து வாசித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இதை வாசி. சத்தமா."

வாசித்தேன். 'வேலையை விட்டுவிட விரும்புவதாக நீங்களாகவே எழுதியது அம்மாவுக்கு மிகுந்த சந்தோசம். படிப்புப் பற்றி நீங்கள் யோசிக்கத் தேவையில்லை. இங்கே வந்தபின் வீட்டிலேயே இருக்கலாம்.'

"நான் எப்பவடி வேலையை விட்டனான்?"

"அது... வசனம் அக்கா."

"என்ன வசனம்?"

"வடிவான வசனம்."

"வசனம் வடிவெண்டு என்னை வீட்டுக்கை வைச்சுப் பூட்டுவியோ? என்ரை வேலையை விடுறதுக்கு நீ ஆரடி?"

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவள் போய் மற்ற மூன்று பதில்களையும் எடுத்துவந்து நிலத்தில் பரப்பி, அந்த மனிதர் எதற்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறார் என்று வரிவரியாகப் பார்த்தாள். நிலவு, கார்முகில், பெருந்தொண்டு. "இதிலை நான் எங்கையடி?" என்றாள். உண்மையாகவே தேடுகிற குரல். அந்தக் குரல்தான் எனக்கு அடி.

அம்மா குசினிக்குள்ளிருந்து வந்தா. விசயம் விளங்கியதும் நெஞ்சில் கை வைத்தா. பிறகு கையை எடுத்துவிட்டு, நடைமுறைக்கு வந்தா. "சரி, இப்ப என்ன குடியே முழுகிப் போச்சு? அங்கை போன பிறகு ஆறுதலாக் கதைச்சுப் பாக்கலாம்தானே."

"அங்கை போறது ஆரம்மா? உந்தக் கடிதத்திலை இருக்கிறவளோ, நானோ?"

"விசர்க்கதை கதையாதை."

அக்கா எழும்பினாள். தையல் மெசின் பலகையைத் துடைத்தாள். என் கொப்பியிலிருந்து நடு இரட்டைத் தாளைக் கிழித்தாள். கேட்காமல்தான் கிழித்தாள். குந்தி எழுதத் தொடங்கினாள். மதியம் ஆகிவிட்டது. சோற்றுப்பானை இறக்கியாயிற்று, அம்மா மூன்றுதரம் கூப்பிட்டும் எழும்பவில்லை.

எழுதி முடித்த தாளை மை காயக் கதிரையில் வைத்தாள். நான் பார்த்தேன். அதை எப்படிச் சொல்வது? அதுவரை தாள் என்றால் எழுத்து நிற்கிற இடம் என்றுதான் எனக்குத் தெரியும். அவளுடைய தாளில் எழுத்து நடந்தது. கோபமான இடத்தில் பேனை அழுந்தி மறுபக்கம் முதுகு தெரிந்தது. சோதனையைப் பற்றி எழுதின இடத்தில் எழுத்துகள் சின்னதாகி நெருங்கி நின்றன, இரகசியம் சொல்கிற மாதிரி. சொல்லில் வராததைக் கீறிவிட்டாள்: மருந்துக் கடை லாச்சிகள் எந்த வரிசையில் இருக்கும் என்று ஒரு கீறல், அதற்குப் பின்னால் குச்சி உடம்போடு ஒரு ஆள், மேலே பெரிய காற்றாடி, 'இது நான்' என்று ஓர் அம்பு. ஓரத்தில் அவளுடைய சைக்கிள். 'இந்த இடத்தில் செயின் கழரும்' என்று இன்னோர் அம்பு. ஒரு ழகரத்தின் வால் போய் அந்தச் சைக்கிள் சில்லைச் சுற்றி வந்தது. வேண்டுமென்று செய்தாளோ, கை தானாகப் போயிற்றோ தெரியாது.

தொடக்கத்தில் இப்படி இருந்தது: 'இதற்கு முன் வந்த நாலு கடிதமும் என்ரை தங்கச்சி எழுதினது. அவள் நல்லா எழுதுவாள். ஆனால் நான் அப்பிடிக் கதைக்கிற ஆளில்லை. நான் வேலையை விடமாட்டன்.' கடைசிப் பக்கத்தில், 'எனக்கு அங்கை வர விருப்பமோ எண்டு கேட்டிருந்தீங்கள்' என்று எழுதி, அதன்கீழ் 'ஓம்' என்று எழுதி, அந்த ஓமை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் 'இன்னும் தெரியேல்லை' என்று எழுதியிருந்தாள். வெட்டின கோட்டுக்குக் கீழே ஓம் தெளிவாகத் தெரிந்தது.

என் கை சும்மா இருக்கவில்லை. "அக்கா, ஒரு சொல்லும் மாத்தமாட்டன். உதை அப்பிடியே பாத்து எழுதித் தாறன், வெட்டினது மட்டும் இல்லாமல்."

"ஏன்?"

"வெட்டிக்கிடந்தால் வடிவில்லை."

"வெட்டினதும் நான்தான்" என்றாள்.

அம்மா விடவில்லை. "உந்த எழுத்தைக் கண்டால் மாப்பிள்ளை வீட்டார் மருந்துத் துண்டெண்டு நினைச்சுக் கடைக்குக் குடுத்து விடப்போயினம். தங்கச்சி திருப்பி எழுதட்டும் பிள்ளை, சொல்லுறதைக் கேள்." அக்கா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். பசை இருக்கவில்லை; பானையிலிருந்து நாலு சோற்றுப் பருக்கையை எடுத்துத் தேய்த்து ஒட்டினாள். அப்பா அதுவரை படலையடியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர், எழும்பி வந்து, "அவள் எழுதினதை அவளே போடட்டும்" என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் தபால் கந்தோரில் முத்திரை ஒட்டி அவளே போட்டாள். என்னிடம் தரவில்லை. எனக்கு அது உறைத்தது, உறைக்கவேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒரு சண்டை பிடிக்கிறேன். கடிதம் எழுதும் கலை அழிந்துபோகிறது என்று கூட்டம் வைத்து ஒப்பாரி பாடுகிறவர்களோடு எனக்குச் சரிவராது. அவர்கள் கலை என்று சொல்வது அனேகமாக நான் எழுதின நாலு கடிதத்தைத்தான். முத்துமுத்தாக, அளந்து வைத்த அரைப்புள்ளியோடு, ஆளே இல்லாமல். அதை இயந்திரம் என்னைவிட வடிவாக எழுதும். எழுதட்டும், எனக்கு ஒரு துக்கமும் இல்லை. வெட்டின ஓம் ஒன்றை அது வெட்டுத் தெரிய அனுப்புமோ? அழிப்பான் பொத்தானை அழுத்தினால் ஓம் இருந்த இடமே இராது. ஒருத்தி ஓம் சொல்லப் பார்த்தாள், சொல்லாமல் விட்டாள், ஆனால் சொல்லப் பார்த்ததை மறைக்கவும் இல்லை. இவ்வளவும் ஒரு கோட்டில் இருந்தது. இதைவிட நல்ல சித்திரத்தை நான் இன்னும் காணவில்லை. வடிவமைப்பில் டிப்ளோமா முடித்த பிறகும் காணவில்லை.

அந்தக் கிழமை கிளி மாமி பினாட்டோடு வந்தபோது, மாமி சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். கடைசி வரியை மாமியின் கையில் பேனையைக் கொடுத்து எழுதச் சொன்னேன். "எனக்கு வடிவா வராதடி" என்று நெளிந்தா. "வடிவா வேண்டாம் மாமி, வந்தால் காணும்" என்றேன். பதினாலு வயதில் இவ்வளவு தெளிவாகச் சொன்னேனா என்று கேட்காதீர்கள். ஏறக்குறைய அப்படித்தான்.

டென்மார்க்கிலிருந்து பதில் வரவில்லை. இரண்டு கிழமை, மூன்று கிழமை. தபால்காரரின் சைக்கிள் மணி ஒழுங்கை முகப்பில் கேட்டால் அம்மா கை வேலையை விட்டுவிட்டு வெளியே வருவா. அக்கா வரமாட்டாள், ஆனால் செய்துகொண்டிருக்கிற வேலை நின்றுவிடும். அம்மா என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டா. அக்கா ஒன்றும் நடக்காதது போலச் சோதனைக்குப் படித்தாள். ஒருநாள் மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு, "அவர் வாசிச்சிருப்பாரோ?" என்றாள். "விளங்கியிருக்குமோ" என்று நான் இழுக்க, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாலாம் கடிதத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

இரண்டு மாதமாகியிருக்கும். தரகர் வந்தார். வழமையாகக் கதிரை தேடி வந்து இருக்கிற மனிதர், அன்றைக்குப் படலைக்கு உள்ளே ஓரடி வைத்ததோடு நின்றார். கையில் ஒரு மண்ணிற உறை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சம்பந்தம் சரிவராவிட்டால் குறிப்பையும் படத்தையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடிதம் எழுதியிருந்தால் கடிதத்தையும். பெண்பிள்ளையின் எழுத்து ஊரார் கையில் கிடக்கக்கூடாது என்பது நியாயம். அந்த மண்ணிற உறையைக் கண்டாலே விசயம் விளங்கிவிடும், வாய் திறக்கத் தேவையில்லை.

"மனம் நோகாதேங்கோ" என்றார் தரகர். "பெடியன்ரை தாய்க்குச் சரிவரேல்லையாம்."

"பெடியன் என்ன சொன்னவராம்?" அப்பா கேட்டார்.

"பெடியன் ஒண்டும் சொல்லேல்லையாம்."

"சரி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உறையைத் தையல் மெசின் பலகையில் கொட்டினா. குறிப்பு. அக்காவின் படம். கடிதங்கள். அம்மா அந்த அழுகையிலும் எண்ணினா. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. உறையைத் தலைகீழாக்கித் தட்டினா.

"மற்றது எங்கை?"

நாலும் என்னுடையவை. மடிப்புக் கலையாமல், முத்துமுத்தாக. சைக்கிள் கீறின தாள் இல்லை.

"தரகரிட்டைச் சொல்லி அதையும் எடுப்பியுங்கோப்பா. வெளியிலை கிடந்தால் நாளைக்கு என்ன கதை வருமோ" என்று அம்மா பதறினா. "இல்லாட்டி எறிஞ்சிருப்பினமோ?"

அப்பா நாலு கடிதத்தையும் கையில் எடுத்துப் பார்த்தார். "எறியிறதெண்டால் உதுகளையெல்லோ எறிஞ்சிருப்பினம்."

தரகர் தேத்தண்ணியை ஆற்றினார். அக்கா படத்தை எடுத்துப் பார்த்து, திருப்பி வைத்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. முகம் மட்டும் சோதனையில் பாசான முகம்.

"விடுங்கோ அம்மா" என்றாள். "அது அவருக்கு எழுதினது."

நாலையும் நான் எடுத்துக்கொண்டுபோய் வாசித்தேன். ஒருவருமே இல்லை அவற்றில். அடுத்த நாள் காலை தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்ட உதவின. உருண்டை எழுத்து நன்றாக எரியும்.

அக்கா அந்தச் சோதனையில் பாசானாள். பிறகு உடுவிலில் ஒருவரைக் கலியாணம் செய்தாள். தினமும் மருந்துக் கடைக்கு வந்து தலையிடி மாத்திரை வாங்கிய மனிதர், தலையிடியே இல்லாமல். கடிதத்துக்குத் தேவை வரவில்லை. இன்றைக்குச் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள். டென்மார்க்கை அவள் கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை. அங்கே ஏதோவொரு அலுமாரிக்குள் அந்தத் தாள் இருக்கிறதென்று நான் நம்புகிறேன், ஆதாரம் இல்லாமல், பிடிவாதமாக.

போன மாதம் சித்தியின் மகளுக்கு வந்த சம்பந்தம் குழம்பியது. எல்லாம் கைத்தொலைபேசியில் நடந்தது. குறிப்பு அதில் போனது, படம் அதில் போனது, மூன்று மாதம் விடிய விடியக் கதைத்ததும் அதில்தான். வேண்டாம் என்று வந்த சேதியும் ஒரு வரி. அவள் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அதை வாசித்துக் காட்டிவிட்டு, தோளைக் குலுக்கினாள். கெட்டிக்காரப் பெட்டை, அழவில்லை.

அம்மா பழைய ஞாபகத்தில் கேட்டா. "படமும் குறிப்பும் திருப்பித் தந்திட்டினமோ பிள்ளை?"

அவள் சிரித்தாள். "என்னத்தைத் திருப்பித் தாறது பெரியம்மா? அவரும் அழிச்சிட்டார், நானும் அழிச்சிட்டன். ஒண்டும் மிச்சமில்லை, சரியான வசதி."

அம்மா அந்த வெறும் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, கேட்கக் கூடாததைக் கேட்கிற மாதிரிக் கேட்டா:

"ஒண்டைக்கூட வைச்சிருக்கேல்லையோ அவன்?"